குதிரை வந்த ரீல்

நாகமுத்துவின் நோட்டில் இருபத்து மூன்றாம் பக்கத்துக்குத் தலைப்பு ‘பெயர் தெரியாத படம்’. தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் இரண்டு கோடுகள். கும்மிடிப்பூண்டி பஜாரில், அரிசி மண்டியின் மாடியில் நடக்கும் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது. எதை எழுதினாலும் ஓரம் விடுவான், தேதி போடுவான், வரிசை எண் கொடுப்பான். எழுதி முடித்ததும் அதெல்லாம் சரிதானா என்று சந்தேகம் வரும். ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுவிடுவான். கேள்விக்குறி இல்லாத பக்கம் அந்த நோட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

பகலில் கம்பி ஆலையில் வேலை. மாலை ஆறரைக்கு வகுப்பு. அது முடிந்ததும் எளாவூர் பஸ் பிடித்து, அங்கிருந்து கிழக்கே சைக்கிள் மிதித்தால் ஏரியோரத்தில் அவனுடைய குப்பம். 1977ஆம் வருஷம் ஆடி மாதத்தில்தான் அவன் அந்தப் பக்கத்தைத் தொடங்கினான்.

அதில் நான்கே வரிகள் இருந்தன. முதல் வரி, டென்ட் கொட்டாய், மணல் தரை, கூட்டம். இரண்டாவது, ஒரு பெண் கையில் விளக்கை ஏந்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறாள். மூன்றாவது, ஒரு வெள்ளைக் குதிரை கோட்டைச் சுவரைத் தாண்டி ஓடுகிறது. நான்காவதைத்தான் அவன் மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதியிருந்தான்: ‘நான் யாரோ ஒருவர் தோளில் உட்கார்ந்திருக்கிறேன். குதிரை ஓடும்போது நானும் குலுங்குகிறேன்.’ அதற்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகள்.

அந்தத் தோள் யாருடையது என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவன் அப்பா துலுக்காணம் விஷ ஜுரத்தில் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. வீட்டில் அவருடைய போட்டோ இல்லை. அவர் குரல் அவனுக்கு ஞாபகமில்லை, முகமும் ஞாபகமில்லை. எத்தனை யோசித்தாலும் அந்தத் தோள் ஒன்றுதான் வரும். ஆனால் அதைச் சொன்னால் அம்மா செங்கம்மாள் சிரிப்பாள்.

“உங்க நைனாவாவது சினிமாவுக்குப் போறதாவது. துணியில ஓடற நெழலப் பாக்கறதுக்கு டப்பு குடுக்கணுமான்னு கேக்கற மனுசன். உன் அஞ்சு வயசு தீபாவளிக்கு உன்னக் கூட்டிக்கினு போனது குப்பன் மாமா. நைனாவுக்கு அன்னிக்கிப் பாடு. ஏரியில இருந்தாரு.”

ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று குப்பத்தில் முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். யாருடைய பாடோ அவரேதான் போக வேண்டும். ஆளை அனுப்பியது தெரிந்தால் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும், அந்த வீட்டின் முறையே போய்விடும். இருட்டில் இறால் அதிகம் விழும் என்பதால் அமாவாசைப் பாடு கிடைப்பது அதிர்ஷ்டம், தீபாவளி அமாவாசைப் பாடு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். அன்று கிடைத்த இறாலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் செங்கம்மாளுக்கு முகமே மாறிவிடும்.

“ரெண்டு கூட எறா. ஒண்ணொண்ணும் என் கை நீளம். ஊரே வந்து பாத்துச்சி. அந்த மாதிரி எவனும் புடிச்சதில்ல” என்பாள். பிறகு குரல் இறங்கிவிடும். “ஒரு சினிமா கூடப் பாக்காமப் போய்ட்டாரு பாவம்.”

“மாமா குள்ளம்மா. நான் எல்லார் தலைக்கும் மேல இருந்து பாத்தேன்.”

“அஞ்சு வயசுப் புள்ளைக்கு முக்காலி கூட ஒசரந்தான்.”

அதனால்தான் படத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தான். படம் தெரிந்தால், மாமா அதை உண்மையிலேயே பார்த்தாரா என்று கதையைக் கேட்டுச் சரிபார்க்கலாம். மாமாவின் தோள்தான் என்று தெரிந்தால் அதை அப்படியே எழுதி, கேள்விக்குறியை அடித்துவிட்டுப் பக்கத்தை முடித்துவிடலாம். அப்படித்தான் முடியும் என்று பாதிக்கு மேல் அவனே நம்பினான்.

வகுப்பில் அவனுக்கு அடுத்த மிஷினில் உட்காருபவன் அரசப்பன். கவரப்பேட்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். டைப் படித்துவிட்டுக் காக்களூரில் ஏதாவது கம்பெனி ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் மிஷினில் விரல் ஓடுவதைவிட அவனுக்கு வாயில் சினிமா அதிகம் ஓடும். கொட்டகை வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தான்.

“கதையச் சொல்லு, பேரு நான் சொல்றேன்” என்றான்.

“கதை தெரியாது. ஒரு பொம்பள வெளக்கு எடுத்துக்கினு தண்ணியில எறங்கறா.”

“செத்துப் போயிடறாளா?”

“தெரியாது.”

“சரி, பாடறாளா?”

“தெரியலப்பா. அப்புறம் ஒரு வெள்ளக் குதிர.”

“யாரு ஓட்டறது?”

நாகமுத்து யோசித்தான். “குதிர மட்டும்தான் ஞாபகம் இருக்குது.”

“உன்ன சாட்சியாக் கூட்டிக்கினு போனா ஜட்ஜே அழுதுருவாரு” என்றான் அரசப்பன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்துவிட்டான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. ரோஸ், மஞ்சள், பச்சை என்று மலிவான காகிதத்தில் அச்சடித்த புத்தகங்கள். பாட்டுகளுக்கு முன்னால் ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். அது சரியாகக் கத்தி கழுத்துக்கு வரும் இடத்தில் நின்றுவிடும். நாயகி பிழைத்தாளா, வில்லன் அகப்பட்டானா, அதையெல்லாம் டிக்கெட் வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாகமுத்து ஒவ்வொன்றையும் படித்து, எண் போட்டு, ‘விளக்கு உண்டு, குதிரை இல்லை’, ‘குதிரை உண்டு, விளக்கு இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனான். அரசப்பனின் அம்மா மணியம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். பையன்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று நினைத்து மோர் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு மதியம், அட்டை கிழிந்த ஒரு மஞ்சள் புத்தகத்தில் அந்தப் பெண் இருந்தாள். மங்கிய படம்தான். ஆனால் அதே விளக்கு, அதே இடுப்பளவு தண்ணீர். நாகமுத்து புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். பதினேழு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறான்.

ஓடக்காரன் ஒருவன் ஆற்றில் காணாமல் போகிறான். அவன் மனைவி தினமும் பொழுது சாய்ந்ததும் துறையில் விளக்கோடு நிற்கிறாள். ஊர்ப் பண்ணையார் அவளைத் துரத்தப் பார்க்கிறார். ஓடக்காரன் திரும்பினானா என்ற கேள்வியோடு சுருக்கம் நின்றுவிட்டது. ராஜா இல்லை, கோட்டை இல்லை, குதிரை இல்லை.

“ஓடக்காரன் கதையில குதிரைக்கு இன்னாடா வேல?” என்றான் அரசப்பன்.

அன்று மாலையே நாகமுத்து குப்பன் மாமாவிடம் போனான். அம்மாவின் தம்பி. படகைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார்.

“மாமா, சின்ன வயசுல என்ன ஒரு படத்துக்குக் கூட்டிக்கினு போனியே, அதுல இன்னா கதை?”

“திடீர்னு இன்னாடா?” என்றார் குப்பன். தார் மட்டை ஒரு நொடி நின்றது. பிறகு மளமளவென்று சொன்னார். “ஓடக்காரன் பொண்டாட்டி கதை. தெனம் வெளக்கு எடுத்துக்கினு போவா. கடைசியில புருசன் தாடியும் மீசையுமா வந்து நிப்பான். இவ அடையாளமே தெரியாம வெளக்கத் தூக்கி மூஞ்சியப் பாப்பா. ஜனம் அழும்.”

“குதிர வருமா?”

“குதிரையா? அதெல்லாம் கெடையாது. அது உன் கனவுல வந்துருக்கும், மருமவனே.”

பாட்டுப் புத்தகத்தில் இல்லாத முடிவு மாமாவுக்குத் தெரிந்திருந்தது. படம் பார்த்தவருக்குத்தானே முடிவு தெரியும். நாகமுத்து வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தான். மூன்றாவது வரிக்கு எதிரே ‘தவறு’ என்று எழுதினான். குதிரையை அவனாகக் கற்பனை செய்திருக்கிறான். அப்படியானால் குதிரை ஓடும்போது தன்னைக் குலுக்கிய தோளைப் பற்றி மட்டும் எதை வைத்து உறுதி சொல்வது? நான்காவது வரிக்கு எதிரே ‘மாமா’ என்று எழுதினான். எழுதிய பிறகு வெகுநேரம் மையை ஒற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதை மறுநாள் கேட்டதும் அரசப்பனுக்குத்தான் ஆறவில்லை.

“நீ ராஜா கதை எதுவும் வேற எங்கியும் பாக்கலியா?”

“நைனா செத்தப்புறம் ஏழு எட்டு வருசம் எங்க ஊட்ல யாரும் சினிமாவுக்குப் போனதில்ல. அப்பவே எனக்குக் குதிர ஞாபகம் இருந்துச்சி. சாக்கட்டியில செவுத்துல குதிர வரைஞ்சி அம்மாகிட்ட அடி வாங்குனேன்.”

“அப்போ எங்கயோ பாத்துருக்க. படம் காட்டனவனையே கேளு. அந்த டென்ட்ல ஆபரேட்டரு யாரு?”

டென்ட் கொட்டகை போய்ப் பத்து வருஷமாகிவிட்டது. ஆபரேட்டர் சின்னராசு எளாவூரில்தான் இருந்தார். செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளுக்கு பேட்டரி சார்ஜ் போடும் கடை. ஞாயிறு காலை நாகமுத்து போனபோது, நாஷ்டாவை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வண்டி எங்க?” என்றார்.

“வண்டி இல்லண்ணா. ஒரு படத்தப் பத்திக் கேக்கணும்.” நாகமுத்து நோட்டைப் பிரித்தான். “ஓடக்காரன் படம். தீபாவளி அன்னிக்கி உங்க டென்ட்ல ஓடுச்சி. அதுல குதிர வருமா? வராதுன்னு தெரியும். இருந்தாலும்…”

சின்னராசு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் வயிறு மட்டும் முதலில் சிரித்தது.

“நீ அன்னிக்கி இருந்தியா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“இருந்தவனுக்குத்தானே குதிர தெரியும்.” அவர் ஒரு பேட்டரியைத் தள்ளிவிட்டு உட்கார இடம் காட்டினார். “ஒரே பிரின்ட்டுப்பா. எங்களுக்கும் ஆரம்பாக்கம் பக்கத்து டென்ட்டுக்கும். அவங்க அரை மணி முன்னால ஆரம்பிப்பாங்க. ஒரு ரீல் முடிஞ்சதும் சைக்கிள்ல ஆளு எடுத்துக்கினு வருவான். அன்னிக்கி ரெண்டு நாள் மழை பேஞ்சி அப்பதான் விட்டுருந்துது. நடுவுல ஓடையில வெள்ளம். எட்டு ரீல் வந்துச்சி. ஒம்பதாவது வரல. சைக்கிள்காரன் அந்தக் கரையில நிக்கறான். இங்க தீபாவளிக் கூட்டம். நிறுத்தினா டென்ட்டக் கொளுத்திடுவானுங்க.”

“அப்புறம்?”

“எப்பவோ ஒரு தெலுங்குப் படம் வந்து போனப்ப அதுல ஒரு ரீல் எங்க பொட்டியில தங்கிப்போச்சி. ராஜா படம். கோட்டை, கத்திச்சண்டை, வெள்ளக் குதிர. எடுத்து மாட்டிட்டேன். டிக்கெட்டு கிழிக்கறவன் மைக்கப் புடிச்சான். ‘பொதுமக்கள் அமைதியாக இருக்கவும். இது ஓடக்காரன் காணும் கனவு’ன்னான்.”

நாகமுத்து பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

“ஒருத்தன் எழுந்து, ‘கனவுல இன்னாத்துக்குய்யா மூஞ்சி மாறிச்சி’ன்னு கேட்டான். இன்னொருத்தன், ‘கனவுல தெலுங்கு பேசக் கூடாதா, ஒக்காரு நைனா’ன்னான். கொட்டாயே குலுங்குச்சி. பொம்பளைங்க பக்கத்துல எல்லாம் மணல்ல சாஞ்சி சாஞ்சி சிரிக்கறாங்க. அந்த சிரிப்ப நான் ஒரு நல்ல படத்துக்குக் கூடப் பாத்ததில்ல. அது முடியறதுக்குள்ள ஒம்பதாவத யாரோ தலையில வச்சி ஓடையத் தாண்டிக் குடுத்துட்டாங்க. ஆனா மொதலாளி என்னப் புடிச்சிக்கினாரு. மறுநாளே அந்த ரீல மெட்ராஸுக்கு அனுப்பிட்டாரு.”

“வேற எந்த ஊர்லயாவது அந்தப் படத்துல குதிர வந்துருக்குமா?”

“இந்த வேலைய வேற எவன் செய்வான்?” என்றார் சின்னராசு. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“நீங்க சொன்னத எழுதிக்கலாமா?”

“எழுதிக்கோ. மொதலாளி செத்துட்டாரு.”

நாகமுத்து எழுதினான். நெடுஞ்சாலையில் கல்கத்தா லாரிகள் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வந்ததும் நின்றுவிட்டான். சந்தேகப்படுவதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று, வழக்கப்படி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்த மாலை டென்ட்டில் இருந்த எல்லோருமே குதிரையைப் பார்த்திருக்கிறார்கள். ஊரே சிரித்த சிரிப்பை யாரும் மறக்க மாட்டார்கள். படத்தை வேறு ஊரில் பார்த்தவர்கள்தான் குதிரை இல்லை என்று சொல்வார்கள்.

குப்பன் மாமா குதிரை இல்லை என்றார்.

மாமா வீட்டு வாசலில் படகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்த ஓடக்காரன் படத்த நீ எந்த ஊர்ல பாத்த?”

“எளாவூரு டென்ட்லதான்.”

“அந்த டென்ட்ல குதிர வந்துச்சி மாமா. ரீல் மாத்திப் போட்டுட்டாங்க. ஆபரேட்டரையே பாத்துட்டு வரேன்.”

குப்பன் வெற்றிலையை வாயில் போடவில்லை. காம்பைக் கிள்ளினார், மறுபடியும் கிள்ளினார். கிள்ளக் காம்பு இல்லாமல் போயிற்று.

“பொன்னேரியில பாத்தேன்” என்றார். “பொங்கல் சமயத்துல. உங்கம்மா ஏதாச்சும் கேட்டா கதை சொல்லணுமில்ல. அதுக்குன்னே போய்ப் பாத்தேன்.”

“அப்ப டென்ட்ல என்னத் தூக்கி வச்சிக்கினு இருந்தது?”

“யாரா இருக்கும்? உங்கப்பன்தான்.”

அவர் சொல்லச் சொல்ல நாகமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டென்ட்டில் படத்துக்கு முன்னால் போடும் பாட்டு குப்பம் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுப் பையன் தினம் அழுதிருக்கிறான். தீபாவளியன்று புதுச் சொக்காய் போட்டுக்கொண்டும் அழுதிருக்கிறான். அன்றைக்கு அப்பாவின் பாடு.

“‘குப்பா, நீ போய் வலையப் பாத்துக்க, நான் புள்ளைக்குக் காட்டிட்டு வந்துடறேன்’னான். எனக்கு அந்த வருசம் பாடு இல்ல. தெரிஞ்சா ரெண்டு குடும்பமும் பஞ்சாயத்துல நிக்கணும். நல்ல காலம், மழைச் சேத்துல குப்பத்துலேர்ந்து வேற யாரும் அன்னிக்கி டென்ட்டுக்குப் போவல. நான் தலையில சாக்கு போத்திக்கினு இருட்டுல போய் நின்னேன். அவன் படம் முடிஞ்சி வந்து, தூங்கிப்போன உன்ன எங்க ஊட்ல போட்டுட்டு ஏரிக்கு வந்தான். விடியறப்ப கூடைய அவன் எடுத்துக்கினு போனான்.”

“அந்த ரெண்டு கூட எறா…”

“நான் புடிச்சது” என்றார் குப்பன். பதினேழு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததாலோ என்னவோ, அதை மெல்லத்தான் சொன்னார். “என் கையால நான் புடிச்ச பெரிய பாடு அதுதான். உங்கம்மா ஊரெல்லாம் அவன் பேரச் சொன்னா. நான் சும்மா இருந்தேன். அவன் செத்தப்புறம் சொல்லலாம்னு பாத்தேன். பாடு திருடினான்னு பேரு வரும். உனக்கு வர வேண்டிய முறையும் போயிடும். நீ இரும்புல வேலைக்குப் போவேன்னு யாரு கண்டது.”

“படத்தப் பத்தி நைனா இன்னா சொன்னாரு?”

“ஏரிக்கு வந்து வலையப் புடிக்காம சிரிச்சிக்கினே இருந்தான். ‘கனவு, கனவு’ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. மீன் ஓடிடும், வாய மூடுய்யான்னு திட்டினேன்.”

நாகமுத்து வீட்டுக்குத் திரும்பியபோது மதியம் சாய்ந்திருந்தது. செங்கம்மாள் முறத்தில் இறாலைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அவன் இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டு வந்தான். சொன்னால் அம்மாவின் இரண்டு கூடை இறால் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு சினிமாகூடப் பார்க்காமல் போனவராகவே அவர் இருந்துவிடுவார். இரண்டில் எது பெரியது என்று அவனால் எடை போட முடியவில்லை. எதிரே உட்கார்ந்து அவனும் ஒரு இறாலை எடுத்து உரித்தான்.

“இன்னா, குதிர கெடச்சிதா?” என்றாள் அவள், கேலியாக.

“கெடச்சிதும்மா.”

பிறகு சொல்லிவிட்டான். ஓடை வெள்ளத்தில் தொடங்கி, ரீல், மைக், சாக்கு என்று வரிசை தவறாமல், எதையும் கூட்டாமல் சொன்னான். அவள் கை நிற்கவில்லை. சாக்கு வந்த இடத்தில் மட்டும் உரித்ததைத் தோலோடு போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

“அப்ப அந்த எறா குப்பன் புடிச்சதா?”

“ஆமாம்மா.”

செங்கம்மாள் கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள். “பதினேழு வருசம் அவன் முன்னாலயே சொல்லிக்கினு இருந்தேன். வாயத் தொறந்தானா பாரு” என்றாள். “நாளைக்கி அவன சாப்புடக் கூப்புடு. கொழம்பு வைக்கறேன்.”

அவன் தலையாட்டினான். அவள் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தாள்.

“சிரிச்சாரா?”

நாகமுத்து பதில் சொல்லுமுன் யோசித்தான். மாமா சொன்னதைச் சொல்லலாம், ஆபரேட்டர் சொன்னதைச் சொல்லலாம். ஆனால் அவன் அறிந்தது எது என்று அம்மா கேட்கிறாள். நோட்டின் நான்காவது வரி நினைவுக்கு வந்தது. குதிரை ஓடும்போது நானும் குலுங்குகிறேன். குதிரையோடு சேர்ந்து தானும் ஓடியதாக அல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

“முகம் எனக்குத் தெரியலம்மா. நான் மேல இருந்தேன்” என்றான். “தோள் குலுங்குச்சி.”